இடப்பக்கம் கேட்கவில்லை

"இடப்பக்கம் செத்துப்போச்சாம். இவள்ட கை பட்டா எதுதான் மிஞ்சும்?" என்றபடி தனோஜன் கொம்பியூட்டர் ஸ்பீக்கர் இரண்டையும் மேசையில் வைத்தான். அவன் மனைவி விதுர்ஷா பின்னால் நின்றாள்.

அமிர்தகழியில் யசோதினியின் திருத்தும் கடை அது. அவள் வயரைச் சொருகிப் பார்த்தாள். இரண்டு பெட்டியும் ஒழுங்காகவே பாடின.

"இதில இல்ல தங்கச்சி. ஹெட்போன் சொருகுற ஓட்டையிலதான். இவள் வீட்டில இருந்து கேட்டுக் கேட்டு டைப் அடிக்கிறவள். இழுத்து முறிச்சிருப்பாள்."

"நான் இழுக்கல்ல," என்றாள் விதுர்ஷா.

"கேட்டீங்களா? நீங்களே பாத்துச் சொல்லுங்க, ஆர்ட பிழை எண்டு. இவள்ட பிழையெண்டா வீட்ட போய்க் கதைக்கிறன்."

சிரித்துக்கொண்டே சத்தத்தைக் கூட்டக் கையை நீட்டினான். சத்தம் கூடுமுன்னமே விதுர்ஷா தலையை ஒதுக்கினாள். அவனுக்குப் போன் வந்தது. எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

யசோதினி மூடியைக் கழற்றினாள். வயர் அறவில்லை, பற்றவைத்த ஈயம் விடவில்லை. மீட்டர் இரண்டு பக்கமும் ஒரே அளவு காட்டியது. தன்னுடைய ஹெட்போனைச் சொருகி விதுர்ஷாவுக்கு மாட்டிவிட்டாள்.

"இப்ப?"

"வலப்பக்கம் மட்டுந்தான்."

பழுது பிடிபடாவிட்டால் இடம் வலம் மாற்றிப் பார்ப்பது யசோதினியின் வழக்கம். பொருளில் பழுதென்றால் அதுவும் கூடவே பக்கம் மாறும். ஹெட்போனைத் திருப்பி மாட்டினாள். இடக்காதில் இருந்த பக்கம் இப்போது வலக்காதில் இருந்தது.

"இப்ப?"

"வலப்பக்கம் மட்டுந்தான்."

யசோதினிக்கு ஆறுதலாக இருந்தது. இந்தப் பெண் பேச்சு வாங்காமல் வீட்டுக்குப் போகலாம்.

"பயப்பிடாதீங்க அக்கா. நீங்க ஒண்டையும் உடைக்கல்ல. உங்கட காதுதான் கேக்குதில்ல. சளி பிடிச்சதா? தண்ணி கிண்ணி போனதா?"

"இல்ல."

"பின்ன ஏன் இடக்காது மட்டும்?"

விதுர்ஷா ஹெட்போனைக் கழற்றி, வயரைச் சுற்றி, மேசையில் வைத்தாள்.

"அவர் வலக்கையாலதான் அடிக்கிறவர்."