வைத்தியர் வாசலில் ஒரு பலகை

காலில் முள் குத்தி முயல் நான்கு நாளாக நொண்டியது. குரங்கு வைத்தியரிடம் போகப் பயம். முள்ளை எடுத்த பிறகுதான் அவர் கட்டணம் சொல்வார். கரடியிடம் ஒரு தேனடையையே வாங்கிவிட்டாராம்.

ஒருநாள் காட்டை ஆண்ட யானை வைத்தியர் வாசலில் பலகை மாட்டச் சொன்னது: ‘முள் எடுக்க, யாராக இருந்தாலும் இரண்டு நாவல்பழம்.’

முயல் அன்றே பழங்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தது. ஒரு நொடியில் முள் வெளியே வந்துவிட்டது. அப்பாடா என்றிருந்தது அதற்கு.

“இனி என் பிழைப்பு அவ்வளவுதான்” என்று முனகியபடி வைத்தியர் வெளியே எட்டிப் பார்த்தார். மானும் கீரியும் ஆமையுமாக ஓடைவரை வரிசை நின்றது.

“இத்தனை பேரும் இவ்வளவு நாள் எங்கே இருந்தீர்கள்?” என்றார்.

“வலியோடு வீட்டில்தான் இருந்தோம், வைத்தியரே” என்று சொல்லிவிட்டு, முயல் நான்கு காலிலும் துள்ளிப் போனது.