மாவுக்கட்டு போட்ட எட்டாம் நாள்

மாமாவின் ராஜ்தூத் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டதும் எழுந்து ஓடப் பார்த்தேன்.

முடியவில்லை. வலது கால் தொடை வரைக்கும் மாவுக்கட்டு.

திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் எல்லோரையும் போல நானும் பிளாட்பாரம் இல்லாத பக்கம் குதித்தேன். ஜல்லியில் கால் மடங்கி எலும்பு முறிந்தது. அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் பிரெட்டும் ஹார்லிக்ஸுமாக வந்துகொண்டே இருக்கிறார்கள். அடிபட்டவளைப் பார்க்க வருகிறவர்களை வாசலோடு அனுப்புகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது.

உலகநாதன் மாமா வராமல் இருப்பாரா. அம்மாவுக்கு ஒரே தம்பி.

எனக்குப் பதினொரு வயதில், வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம் அந்த ஆள் என்னிடம் நடந்துகொண்டதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு அவர் காட்டுப்பாக்கத்திலிருந்து வருகிற நாளெல்லாம் எனக்கு வெளியே வேலை இருந்தது. டியூஷன். லைப்ரரி. டைப்ரைட்டிங்.

பொண்ணுக்குப் படிப்பில் எவ்வளவு அக்கறை என்றார்கள். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். அந்தப் பட்டத்தில் பாதி அவருக்குப் பயந்து ஓடி வாங்கியது.

இன்றைக்கு ஓடக் கால் இல்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டேன். இருபத்திரண்டு வயதெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

வண்டி நின்றது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்குப் போனாள்.

"வா உலகா. எட்டு நாளா உனக்காவத்தான் காத்துக்கினு கீறேன்."

அம்மாவின் மேல் எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது.

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அம்மா தனக்குப் பின்னால் இழுத்துச் சாத்தியிருந்தாள்.

"அங்கியே நில்லு. ஆஸ்பத்திரில எலும்ப இழுத்து வைக்கசொல்ல, மயக்கத்துல பொண்ணு எல்லாத்தையும் சொல்லிடுச்சு. நான்தான் பக்கத்துல இருந்தேன். அவ காலு ரெண்டு மாசத்துல கூடிடும். இனிமே நீ இந்தப் படி ஏறுன, உன் காலு கூடாது."

மாமா நாலைந்து முறை உதைத்த பிறகுதான் வண்டி கிளம்பியது.

அம்மா உள்ளே வந்து என் போர்வையைச் சரி செய்தாள்.

பதினொரு வருஷத்தில் முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதேன்.

கால் வலிக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அழுது முடித்தபோது எனக்கு நல்ல பசி.