ஜெல்லிக் கட்டிக்குள் இதயம்

நீடாமங்கலத்திலிருந்து தினமும் ரயிலில் தஞ்சாவூர் வந்து, மருத்துவ ஸ்கேன் படங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள் மோகனப்பிரியா. மெஷினைச் சோதித்துப் பார்ப்பதற்காக, கடல்பாசி காய்ச்சி உறைய வைத்து, செங்கல் அளவில் ஒரு ஜெல்லிக் கட்டியை அவளே செய்திருந்தாள். அதற்குள் ஒன்றும் கிடையாது. ஆனால் ஸ்கேன் செய்தபோது திரையில் ஓர் இதயம் துடித்தது.

அவளுடைய பேராசிரியர் சபரிநாதன் படத்தைப் பார்த்துச் சிரித்தார். “எந்த பேஷன்ட் படத்தை எடுத்து ஒட்டினீங்க? இதுக்குப் பேரு திருட்டும்மா.”

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இத்தனை வருஷ உழைப்பை ஒரே வார்த்தையில் திருட்டாக்கிவிட்டாரே! “நீங்களே வெச்சுப் பாருங்க சார்,” என்று கட்டியின் மேல் வைக்கும் ஸ்கேன் கருவியை அவர் கையில் கொடுத்தாள்.

அவர் வைத்தார். இதயம் துடித்தது. கட்டியைத் திருப்பிப் போட்டார், மெஷினை அணைத்துவிட்டு மறுபடி போட்டார். அப்போதும் துடித்தது.

“திருட்டுன்னீங்களே சார்?”

அவர் மேஜை மேலிருந்த கத்தியை எடுத்தார். “ஐயோ, எதுக்கு சார்?” என்று அவள் பதறுவதற்குள் கட்டி இரண்டாகிவிட்டது. வெட்டிய இடத்தில் வெறும் ஜெல்லிதான் இருந்தது. ஒரு பாதியின் மேல் மறுபடியும் கருவியை வைத்தார். திரையில் இதயம் முழுசாக இருந்தது. துடிப்பு மட்டும் நின்றிருந்தது.

“இப்பத்தான் ஆடாம தெளிவா இருக்கு. நம்ம பேப்பர்ல இதையே போட்டுடலாம்,” என்றார்.

மோகனப்பிரியா அவர் கையைத் தட்டிவிட்டாள். இரண்டு பாதிகளையும் வாரி எடுத்து, ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்தபடி நின்றாள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தன.