ஒரு கை சிமெண்ட்

கார் ஷெட் சுவருக்கு முதலில் துரோகம் செய்தது கரண்ட் ஒயர்தான்.

"அண்ணே, உள்ளே போக ஒரு ஓட்டை போதும். மழைக்கு முன்னால சுத்தி ஒரு கை சிமெண்ட் பூசி அடைச்சுடுறேன்" என்று கெஞ்சியது.

"ஓட்டையோட சரிவு வெளிப்பக்கம் இருக்கட்டும், இல்லேன்னா தண்ணி உள்ளே வரும்" என்று சொல்லிவிட்டுத்தான் சுவர் பல்லைக் கடித்துக்கொண்டு துளைக்க விட்டது.

ஒயர் நுழைந்ததோடு சரி, பூச்சை மறந்தது. உள்பக்கம் சரிந்த ஓட்டை வழியாக மழை முழுதும் சுவருக்குள் இறங்கியது.

"வயசாச்சுல்ல அண்ணே, ஓதம் ஏறத்தான் செய்யும்" என்றது ஒயர், தன் பிளாஸ்டிக் உறைக்குள் காய்ந்தபடி.

வீட்டுக்காரர் தொட்டுப் பார்த்தார். "ஊறிப்போன சுவர். இடிச்சுடலாம்."

"இடிக்கட்டும்டா! அதுக்கு முன்னால என் ஒரு கை சிமெண்டை வச்சுட்டுப் போ" என்று உறுமியது சுவர்.

ஒயர் தன் உறைக்குள் இன்னும் ஒடுங்கிக்கொண்டது. வெளியே மறுபடி தூறியது.