சிவப்புச் சட்டை

டொலீடோ இருப்பது ஓஹையோவில். ஆனாலும் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மிச்சிகன் கல்லூரியின் கால்பந்து அணிக்காக ஊரில் பாதிப் பேர் உயிரை விடுவார்கள். காரெட்டும் அந்த ரகம்தான். மாமியார் வீட்டில் மட்டும் அது யாருக்கும் தெரியாது.

"மிச்சிகன்காரன் எவனும் என் வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்று மாமியார் லொரெய்ன் கல்யாணப் பேச்சின்போதே சொல்லியிருந்தாள்.

அதனால் ஓஹையோ அணியும் மிச்சிகனும் மோதிய அந்த நவம்பர் சனிக்கிழமை, ஓஹையோவின் சிவப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு, மாமியார் வீட்டு டிவி முன்னால் முள்ளின் மேல் உட்கார்ந்ததுபோல் நெளிந்துகொண்டிருந்தான்.

"என்ன மாப்ள, வாயே தொறக்க மாட்டேங்கறீங்க?" என்றார் மாமனார் வெண்டல். "அந்த மிச்சிகன் பசங்கள நல்லா நாலு திட்டு திட்டுங்க!"

காரெட் திட்டினான். நாக்கு கூசியது.

கடைசி நிமிடத்தில் மிச்சிகன் ஜெயித்துவிட்டது. வீடு எழவு வீடு மாதிரி ஆனது. வெண்டல் முகத்தைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். காரெட்டால் பொங்கி வந்த சந்தோஷத்தை அடக்க முடியவில்லை.

"கொஞ்சம் காத்தாட நின்னுட்டு வரேன் அத்தை" என்று நழுவினான். கார் ஷெட்டுக்குள் புகுந்ததும், "ஜெயிச்சிட்டோம்!" என்று ஒரு குதி குதித்தான்.

காருக்குப் பின்னாலிருந்து வெண்டல் எட்டிப் பார்த்தார்.

"மொதல்ல கதவச் சாத்துங்க மாப்ள" என்றார் அவர், மூச்சிரைக்க. "முப்பத்தோரு வருஷமா இங்க தனியாத்தான் குதிச்சிட்டிருக்கேன்."

"ரெண்டு பேரும் அங்க என்ன பண்றீங்க?" என்று உள்ளேயிருந்து லொரெய்ன் கத்தினாள்.

"மாப்ள அழறாரு, லொரெய்ன்! தேத்திட்டிருக்கேன்!"