பத்துக்குப் பத்து

வியாசர்பாடியில் எங்கள் வீடு பத்துக்குப் பத்து. அடுப்பருகே உட்கார்ந்தபடியே கையை நீட்டி நான்கு பேர் தட்டிலும் தோசை போட்டுவிடுவேன். இந்த இடநெருக்கடி தாங்காமல்தான் என் வீட்டுக்காரர் தணிகாசலம் இருள் ஆற்றல் பெட்டி வாங்கி வந்தார். பிரபஞ்சத்தை விரிக்கிற அதே சக்தி, இப்போது வீட்டு உபயோகத்துக்கு.

மாட்ட வந்தவர் ஒன்றுதான் சொன்னார். "பொருள் எதுவும் பெருசாகாதும்மா, நடுவுல இருக்கிற இடம்தான் பெருசாகும். ஒட்டிக்கிட்டு இருக்கிறது விலகாது."

முதல் வாரம் காலை நீட்டித் தூங்கினோம். அடுத்த வாரம் மகள்கள் இருவரும் உள்ளேயே சைக்கிள் ஓட்டினார்கள். விரிகிற வேகமும் நாளுக்கு நாள் கூடியது. ஒரே மாதத்தில் அடுப்புக்கும் தட்டுக்கும் நடுவே நாற்பது அடி. கொண்டுபோய்ப் போடுவதற்குள் தோசை வரட்டியாகிவிடும்.

"யோவ், அதை நிறுத்தித் தொலைய்யா," என்றேன்.

"எதுக்கு நிறுத்தணும்? ஒட்டிக்கிட்டு இருக்கிறது விலகாதுன்னு சொன்னாருல்ல," என்று தட்டோடு வந்து என் முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பெண்களும் ஆளுக்கொரு பக்கம் ஒட்டிக்கொண்டார்கள்.

இன்று எங்கள் சுவர் கண்ணுக்கே தெரிவதில்லை. அந்தக் கோடியில் தெருப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். பவுண்டரி ஓடிக்கொண்டே இருப்பதால் யாராலும் நாலு அடிக்க முடியவில்லை. நடுவில் அடுப்பும் நாங்கள் நான்கு பேரும்.

நேற்று சின்னவள் டேப் வைத்து எங்களைச் சுற்றி அளந்தாள்.

"அம்மா, அஞ்சுக்கு அஞ்சுதாம்மா வருது. கொஞ்சம் தள்ளி உக்காரட்டுமா?"

"கொன்னுடுவேன்," என்று சொல்லி, கையை நீட்டாமலே அவள் தட்டில் தோசையைப் போட்டேன்.