ஒண்ணாம் பரிசு அவியல்

“முதல் பரிசு... முருகதாஸ்!”

மைக்கில் சங்கச் செயலாளர் அனில்குமார் அறிவித்ததும் பந்தலே சந்தைக்கடை ஆயிற்று.

“யாரு, முருகதாஸா? அந்த அவியல் உப்பு கரிச்சு நான் ஒரு செம்பு தண்ணி குடிச்சேன் வே!”

“சங்கச் செயலாளருக்க மச்சினன்லா! பின்ன வேற யாருக்குக் கிடைக்கும் கப்பு?”

வடசேரியில் தெருச் சங்கம் நடத்துகிற அவியல் போட்டி. கப்பு என்னவோ உள்ளங்கை அகலம்தான். ஆனால், ஜெயித்தவர் கையால்தான் அம்மன் கோயில் கொடைவிழா விருந்துக்கு அவியல். ரெண்டாயிரம் இலை! அந்தப் பெருமைக்குத்தான் இத்தனை அடிபிடி.

சிவப்ரியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. பரிசு யாருக்கென்று சொல்லும் கம்ப்யூட்டர் புரோக்ராமை எழுதிக் கொடுத்தவள் அவள். திருவனந்தபுரத்தில் ஐ.டி. வேலை. போன வருஷம் தெருவே மெச்சின புரோக்ராம், இன்றைக்குச் சந்தி சிரிக்கிறது.

அவள் அம்மா உலகம்மை வேகமாக மேடை ஏறினாள். போன வருஷ முதல் பரிசுக்காரி. ஒரு தடவை ஜெயித்தவர் மறுபடி போட்டியிடக் கூடாதென்பதால், இந்த வருஷம் முன்வரிசையில் மரியாதைக்குரிய விருந்தாளி.

“மக்ளே, அந்த லேப்டாப் பொட்டியைத் தொற. இப்படி விட்டா நான் வாங்கின கப்புக்கும்லா மரியாதை போயிரும்! நியாயம்னா நியாயந்தான்!”

போட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. பாத்திரங்களில் நம்பர் மட்டும்தான். நடுவர்கள் ருசி பார்த்து எழுதின மார்க்கை அனில்குமார் கூட்டி, நம்பருக்கு நேரே லேப்டாப்பில் அடிப்பார். ஐந்து நடுவர், ஆளுக்குப் பத்து, மொத்தம் ஐம்பது. பட்டனை அமுக்கினால் ஜெயித்தவர் பேர் மட்டும் வரும். மார்க்கை வெளியே சொல்வதில்லை. சொன்னால் தெருவில் பாதிப் பேர் மற்ற பாதிப் பேரோடு பேசமாட்டார்கள்.

சிவப்ரியா லேப்டாப்பைத் திறந்து, பேரையும் மார்க்கையும் சேர்த்துக் கேட்டாள்.

முருகதாஸ், 7. தாணம்மாள், 46.

“அம்பதுக்கு ஏழா!” அனில்குமாருக்கு வேர்த்துவிட்டது. “நாப்பத்தேழைத்தான் தப்பா அடிச்சிட்டனோ?”

சீட்டுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு. சரியாக ஏழுதான்.

அப்படியென்றால் அடித்ததில் தப்பில்லை. பெரிய மார்க்கு மேலே, சின்னது கீழே என்று அவள் எழுதின வரியையும் வாசித்தாள். அதிலும் தப்பில்லை. பிறகு எப்படி ஏழு போய் நாற்பத்தாறு தலைமேல் உட்கார்ந்திருக்கிறது?

சட்டென்று ஒன்று தோன்றியது. மார்க்கை என்ன ரகமாகச் சேர்த்து வைத்திருக்கிறாய் என்று டேட்டாபேஸையே கேட்டாள். பதில் வந்ததும் நாற்காலியை விட்டே துள்ளிவிட்டாள்.

“கண்டுபிடிச்சிட்டேன்! மாமா, யார் மேலயும் தப்பில்ல, தப்பு எனக்குத்தான்! மார்க்கை நம்பரா வைக்காம எழுத்தா வச்சிருக்கேன்!”

“அதனால என்னம்மா?”

“எழுத்துன்னா அகராதி மாதிரிதான் அடுக்கும். மொதல்ல நிக்கிற எழுத்தைத்தான் பாக்கும். நாப்பத்தாறுல மொதல்ல நாலு. நாலைவிட ஏழு பெருசு. முடிஞ்சுது கதை!”

எழுத்தை எண்ணாக எடுத்துக்கொள் என்று வரியில் ஒரு சொல்லைச் சேர்த்து, என்டரைத் தட்டினாள். தாணம்மாள் ஜம்மென்று உச்சிக்கு வந்தாள். பந்தலில் விசில் பறந்தது. சிவப்ரியாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

முருகதாஸ்தான் முதலில் ஓடி வந்து, கப்பைத் தாணம்மாள் கையில் திணித்தார். “பகவதி காப்பாத்தினா! ரெண்டாயிரம் பேருக்கு நான் அவியல் வைக்கணுமேன்னு ஓடிப்போகப் பாத்துட்டு இருந்தேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கேட்டார்.

“போன வருஷமும் இதே புரோக்ராம்தானே மக்ளே?”

சிவப்ரியாவின் விரல் அப்படியே நின்றது.

“ஆமா, அதுக்கென்ன?” உலகம்மை இடுப்பில் கை வைத்தாள். “அதையும் ஓட்டுட்டி! எனக்கென்ன பயம்? கொடை விருந்துல ரெண்டாயிரம் பேரு தின்னுட்டு கொள்ளாம் கொள்ளாம்னு மெச்சல்லியா? அந்தா இருக்காரு ஒங்கப்பா, அவரைக் கேளு. வாயைத் தொறந்து ஒரு கொறை சொல்லியிருப்பாரா?”

“வேண்டாம்மா, முடிஞ்சுபோன காரியம்...”

“ஓட்டுன்னா ஓட்டு!”

ஓட்டினாள். முதல் பேரில் அம்மா இல்லை. இரண்டில் இல்லை. பத்தில் இல்லை. கடைசி வரியில் இருந்தாள். ஆறு மார்க்கு.

லேப்டாப்பை மூடுவதற்குள் உலகம்மை எட்டிப் பார்த்துவிட்டாள். சடக்கென்று பந்தலைப் பார்த்துத் திரும்பினாள்.

“ஏ அனிலு, நீ ரெண்டாந்தரம் வாங்கித் தின்னியே! எல்லாரும் அபாரம்னு சொன்னியளே!”

அனில்குமார் தலையைச் சொறிந்தார். “நாக்குல வைக்க முடியல்லதான். ஆனா ஒண்ணாம் பரிசு வாங்கின அவியலாச்சே அக்கா. நல்லால்லன்னு சொன்னா, ருசி தெரியாதவன்னுல்லா நம்மளைச் சொல்லுவாங்க?”

பந்தலில் பலரும் குனிந்துகொண்டார்கள்.

அப்போது பின்வரிசையில் நாற்காலி ஒன்று தடாலென்று விழுந்தது. சிவப்ரியாவின் அப்பா வள்ளிநாயகம் எழுந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

“அப்போ... அப்போ என் நாக்குக்கு ஒரு கேடும் இல்லியா? ருசி செத்துப்போச்சுன்னுல்லா ஒரு வருஷமா டாக்டர்ட்ட மாத்திரை வாங்கித் தின்னுட்டு இருக்கேன்!”